கார் செட்டில் நல்ல சத்தம் வேண்டுமா? முன் கதவிலிருந்து தொடங்குங்கள்

கம்பெனியே வைத்துக் கொடுக்கிற ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும், அவ்வளவுதான். மெல்லிய பேப்பர் கோன், உள்ளங்கைக்குள் அடங்குகிற காந்தம், சுற்றிலும் வெறும் தகரக் கதவு. வால்யூமைக் கூட்டினால் தபேலாவும் மிருதங்கமும் ஒன்றுபோலக் கேட்கும், கதவு அதிரும், பாடுகிறவர் குரல் முழங்காலுக்குக் கீழேயிருந்து வரும். சரி, மாற்றலாம் என்று ஆக்சஸரிஸ் கடைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் காட்டுவது டிக்கியில் வைக்கிற பேஸ் டியூப் (தாழ்ந்த, அதிர்கிற சத்தமான பேஸுக்கு என்று வருகிற குழாய் ஸ்பீக்கர்), அடுத்து பின் சீட்டுக்குப் பின்னால் பலகையில் பதிக்கிற ஓவல் ஸ்பீக்கர். காரில் நாம் உட்காருவது முன்னால், செலவு செய்வது பின்னால் என்று ஆகிவிடுகிறது. என் வரிசை இதுதான்: முதலில் முன் கதவுகள் இரண்டும், அப்புறம் அவற்றில் ஸ்பீக்கர், அப்புறம் ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் போகிற சிக்னலுக்குப் பலம் கூட்டுகிற ஆம்ப்ளிஃபையர் பெட்டி), பிறகும் ஆசை இருந்தால் சப் ஊஃபர் (பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கர்). பின் கதவு ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிடலாம், பின்னால் இருப்பவர்களுக்கு மெல்லிசாகக் கேட்டால் போதும்.

இங்கே நான் சொல்வது நம்மூரில் அதிகம் ஓடுகிற ஹேட்ச்பேக், சின்ன செடான் வகைக் கார்களை மனதில் வைத்து. பெரும்பாலானவற்றில் முன் கதவில் ஆறரை இன்ச் ஸ்பீக்கர் உட்காரும். சில கார்களின் அடிமட்ட வேரியன்ட்டில் ஸ்பீக்கரே இருக்காது, வயர் மட்டும் கதவு வரைக்கும் வந்திருக்கும். அப்படியிருந்தால் இன்னும் வசதி, கழற்ற வேண்டியது ஒன்று குறைவு.

வாட்ஸ் கணக்கில் ஏமாறாதீர்கள்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 350 வாட்ஸ், 500 வாட்ஸ் என்று போட்டிருப்பது பீக் பவர். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தாங்குகிற அளவு அது. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், சின்ன எழுத்தில் ஆர்எம்எஸ் என்று ஒரு எண் இருக்கும், 50, 60, 70 என்று. தொடர்ந்து தாங்குகிற அளவு அதுதான், ஆம்ப்போடு பொருத்திப் பார்க்க வேண்டியதும் அதைத்தான். ஆர்எம்எஸ் எண்ணே போடாத பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஹெட் யூனிட்டிலும், அதாவது டேஷ்போர்டில் இருக்கிற செட்டிலும், இதே கதை. 50 வாட்ஸ், நான்கு சேனல் (நான்கு ஸ்பீக்கருக்குத் தனித்தனி லைன்) என்று முகப்பில் எழுதியிருக்கும். இன்ஜின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். அந்த வோல்டேஜை வைத்து 4 ஓம் (ஓம் என்பது மின்தடை) ஸ்பீக்கருக்கு ஏட்டுக் கணக்குப்படியே அதிகபட்சம் 26 வாட்ஸ்தான் கொடுக்க முடியும், உள்ளே ஆகிற இழப்பைக் கழித்தால் சுத்தமாகக் கிடைப்பது 15 முதல் 20 வாட்ஸ். அதற்கு மேல் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, சத்தம் கரகரவென்று ஆகும். தனி ஆம்ப் ஏன் வேண்டும் என்பதற்குப் பதிலும் இதுதான்: அதற்குள் வோல்டேஜை உயர்த்துகிற தனி சர்க்யூட் இருக்கிறது, ஹெட் யூனிட்டுக்குள் இருக்கிற சின்ன ஐசிக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு எண்ணும் உண்டு, கடையில் யாரும் பேசமாட்டார்கள். சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பது. 92 டெசிபல் ஸ்பீக்கர் தருகிற சத்தத்தை 89 டெசிபல் ஸ்பீக்கர் தர வேண்டுமானால் அதற்கு இரண்டு மடங்கு பவர் தேவை. ஆகவே இப்போதைக்கு ஆம்ப் வாங்கப் போவதில்லை என்றால் 90-க்கு மேல் சென்சிடிவிட்டி உள்ளதாக, ஆர்எம்எஸ் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று எடுங்கள். 100 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாங்குகிற கனமான ஸ்பீக்கரை ஹெட் யூனிட்டில் நேரடியாக மாட்டினால் பழைய கம்பெனி ஸ்பீக்கரைவிட மெல்லிசாகக் கேட்கும், காசு போனதே என்று நொந்துகொள்வீர்கள்.

கோஆக்சியலா, காம்போனன்ட்டா? ஸ்பீக்கரில் இரண்டு வகை இவை. கோஆக்சியலில் ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், மாட்டுவது சுலபம், விலையும் குறைவு. காம்போனன்ட்டில் ஊஃபர் (தாழ்ந்த சத்தத்துக்கான பெரிய கோன்) கதவிலும் ட்வீட்டர் தனியாக மேலேயும் வரும், நடுவில் சத்தத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற ஒரு கிராஸ்ஓவர் பெட்டி. முன்னால் வைப்பதற்கு நான் சொல்வது காம்போனன்ட்தான், ஏனென்றால் ட்வீட்டர் காதுக்குக் கிட்டே மேலே வரும்போதுதான் பாட்டு காலடியை விட்டு டேஷ்போர்டு மட்டத்துக்கு ஏறுகிறது. ட்வீட்டரை சைடு மிரருக்கு உள்பக்கம் இருக்கிற முக்கோண பிளாஸ்டிக்கில் வையுங்கள். சிலர் முன் கண்ணாடியின் ஓரத்தில் ஏறுகிற தூணான ஏ பில்லரில் வைக்கச் சொல்வார்கள். கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் அங்கே கை வைக்கவே கூடாது, ஏர்பேக் விரிகிற வழி அது.

வாங்கும் முன் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். கதவுக் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கி, ஸ்பீக்கர் ஓட்டையிலிருந்து கண்ணாடி வரை ஸ்கேல் விட்டுப் பாருங்கள். காந்தம் அதில் இடித்தால் எவ்வளவு நல்ல ஸ்பீக்கராக இருந்தும் பிரயோசனம் இல்லை. சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனால் கடை வரிசையாக இருக்கும், நாலு கடை ஏறி இறங்கி, உங்கள் போனில் இருக்கிற, உங்களுக்குத் தெரிந்த பாட்டையே போட்டுக் கேளுங்கள். அவர்கள் போடுகிற டெமோ பாட்டில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

கதவு வேலை

எந்தக் கடையும் அவசரத்தில் விட்டுவிடுகிற இடம் இது. ஸ்பீக்கர் கோன் முன்னும் பின்னும் ஆடும்போது முன்பக்கம் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அவ்வளவையும் பின்பக்கம் இழுக்கிறது. கதவின் உள்தகட்டில் இருக்கிற பெரிய ஓட்டைகள் வழியாகப் பின்பக்க அலை முன்பக்கம் வந்து கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போகும். ஓட்டைகளை அடைக்காமல் விலை உயர்ந்த ஸ்பீக்கர் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, பேட்டரியின் நெகடிவைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்து பிறகு கை வையுங்கள். மஞ்சள் நிற கப்ளர் (வயர் இணைப்பு) எதையும் தொடாதீர்கள், அது ஏர்பேக் லைன். கதவின் உட்புறத்தை மூடியிருக்கிற டோர் பேடில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கிற இடங்கள் மூன்று: உள் ஹேண்டிலுக்குப் பின்னால், கையால் இழுக்கிற பிடியின் குழிக்குள், ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் மூடிக்கு அடியில். அவற்றை எடுத்தபின் பேடின் கீழ் மூலையில் பிளாஸ்டிக் டிரிம் டூலை நுழைத்து நெம்பினால் ஒவ்வொரு கிளிப்பாக டப், டப் என்று கழன்று வரும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினால் பெயின்ட் போகும், பேடும் பள்ளமாகும். கிளிப் இரண்டு மூன்று உடைவது சகஜம், உங்கள் கார் மாடலுக்கான கிளிப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடைந்ததையே திரும்ப மாட்டினால் அந்த இடம்தான் பின்னால் கிரீச்சிடும். எல்லாம் கழன்றதும் வெளியே இழுக்காதீர்கள், மேலே தூக்குங்கள், பேடு கண்ணாடி ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பின்பக்கம் பவர் விண்டோ கப்ளரும் ஹேண்டில் கேபிளும் இருக்கும், நிதானமாகக் கழற்றுங்கள்.

சில கார்களில் பழைய ஸ்பீக்கரை ரிவெட் அடித்து வைத்திருப்பார்கள், டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். டிரில் போடும்போது புது ஸ்பீக்கரைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். இரும்புத் தூள் காந்தத்தின் இடைவெளிக்குள் போய் ஒட்டிக்கொண்டால் வெளியே எடுக்கவே முடியாது, கோன் அசையும் ஒவ்வொரு முறையும் உரசும்.

இப்போது உள்தகட்டில் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டை ஓரத்திலிருந்து பிரியுங்கள். கறுப்பு நிறப் பசை நூல் நூலாக இழுபடும், கையில் பட்டால் லேசில் போகாது, கையுறை போட்டுக்கொள்வது உத்தமம். வெளித்தகட்டின் உட்புறத்தைத் தூசி தட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, தகட்டின் அதிர்வை அடக்குகிற, அலுமினியம் பூசிய பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ஒட்டுங்கள். முழுக்க மூட வேண்டியதில்லை, பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருக்கிற இடத்தை மட்டும் விடாதீர்கள். ஒட்டியபின் ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும்; ஷீட்டின் மேல் இருக்கிற புடைப்புக் கோலம் தட்டையாகி மறைகிற வரைக்கும் தேய்த்தால்தான் அது தகட்டைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நம் வெயிலில் சரியாக ஒட்டாத ஷீட் கொஞ்ச நாளில் வழுக்கிக் கீழே விழும். ஒட்டுவதற்கு முன் ஒரு தட்டு, ஒட்டியபின் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், டங் என்றது டொக் என்று மாறியிருக்கும்.

அப்புறம் உள்தகட்டின் ஓட்டைகளை அடையுங்கள். சின்ன ஓட்டைக்கு டேம்பிங் ஷீட்டே போதும், பெரிய ஓட்டைக்கு மெல்லிய அலுமினியத் தகடோ பிவிசி பலகையோ வெட்டி, ஸ்க்ரூ போட்டு, அதன்மேல் ஷீட்டை ஒட்டுங்கள். பின்னாளில் கண்ணாடி மோட்டார் ரிப்பேருக்கு வந்தால் கழற்ற முடிய வேண்டும். முக்கியமாக, கதவின் அடியில் இருக்கிற தண்ணீர் வடிகிற துளைகளை அடைத்துவிடாதீர்கள். மழை பெய்தால் கண்ணாடி ரப்பர் வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அது வடிய வழி இல்லையென்றால் கதவு துருப்பிடிக்கும். இதே காரணத்தால் ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கிற ரிங்கை எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் செய்யாதீர்கள், ஒரு மழைக்காலத்திலேயே ஊறி உப்பிவிடும். பிவிசி, ஏபிஎஸ், எச்டிபிஇ என்று பிளாஸ்டிக் எதுவானாலும் சரி. ரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு ஃபோம் டேப், ஸ்பீக்கரின் முன் விளிம்பைச் சுற்றி இன்னொரு ஃபோம் டேப். இரண்டாவதைப் பலர் போடுவதில்லை, அதனால் பேடுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் சத்தம் வழிந்து பேடுக்குள்ளேயே சுற்றும்.

வயரை வெட்டவே வெட்டாதீர்கள். உங்கள் கார் கம்பெனியின் சாக்கெட்டுக்கு ஏற்ற கப்ளர் கடையில் கிடைக்கும், ஒரு முனை கார் சாக்கெட்டில், மறுமுனை ஸ்பீக்கரில். வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால், வாரண்டியில் எலக்ட்ரிகல் பிரச்சினை எது வந்தாலும் சர்வீஸ் சென்டர் அந்த டேப்பைத்தான் காட்டும். பிளஸ் மைனஸ் சந்தேகம் இருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் வயரில் தொட்டுப் பாருங்கள். பேட்டரி பிளஸ்ஸும் ஸ்பீக்கர் பிளஸ்ஸும் சேர்ந்தால் கோன் வெளியே துள்ளும். கார் பக்கத்துக் கப்ளரைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ஒரு கதவு நேராகவும் மறு கதவு மாறியும் இருந்தால் இரண்டும் வேலை செய்யும், ஆனால் பேஸ் மட்டும் இருக்காது.

உண்மையைச் சொன்னால், பலருக்கு இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். கதவு வேலை ஒழுங்காக முடிந்து, சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர் உட்கார்ந்தால், கம்பெனி செட்டிலேயே கேட்கிற வித்தியாசம் பெரிது. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆம்ப்பை முடிவு செய்யுங்கள்.

ஆம்ப்

நான்கு சேனல் கிளாஸ் டி (ஆம்ப்பில் ஒரு வகை) ஆம்ப் ஒன்று வாங்குங்கள், ஒவ்வொரு சேனலும் 4 ஓமில் 60 வாட்ஸ் ஆர்எம்எஸ் அளவில். முன் இரண்டு சேனல் கதவு ஸ்பீக்கருக்கு, பின் இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, பின்னாளில் சப் ஊஃபருக்கு. இன்னொரு வகையான கிளாஸ் ஏபி ஆம்ப் இழுக்கிற கரன்ட்டில் பாதிக்குக் கிட்டே சூடாகவே போகும், கிளாஸ் டி சின்னதாக இருக்கும், சீட்டுக்கு அடியில் அடங்கும், சூடும் குறைவு. சீட்டுக்கு அடியில் தரையோடு தரையாக வைக்காதீர்கள். கார்பெட் நனைந்தால் முதலில் போவது ஆம்ப். மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கிற ஊர் என்றால் பலகை போட்டு இரண்டு இன்ச்சாவது உயர்த்துங்கள்.

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 60 வாட்ஸ் நான்கு சேனல் என்றால் மொத்தம் 240 வாட்ஸ், கிளாஸ் டி-க்கு 80 சதவீதத் திறன் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 300 வாட்ஸ், 13.8 வோல்ட்டில் 22 ஆம்பியர். இதற்கு 8 கேஜ் செம்புக் கேபிள் தாராளம் (கேஜ் எண் குறையக் குறைய கேபிள் தடிமன் கூடும்), பின்னால் பெரிய சப் ஆம்ப் வரும் என்றால் இப்போதே 4 கேஜ். கடையில் கிட் என்று பளபளப்பாகக் கொடுப்பது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். இழை ஒன்றைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், அதே தடிமனுக்கு மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் கரன்ட் கடத்தும்.

பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். இதில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். ஆம்ப்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்பார்கள், அது ஆம்ப்பைக் காப்பாற்ற. நீங்கள் இழுக்கிற கேபிள் எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழிந்தால், ஃப்யூஸ் இல்லாத பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த இடத்தில் கொட்டும், அதுதான் கார் தீப்பிடிக்கிற வழி. 8 கேஜ் செம்புக் கேபிளுக்கு 40 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வருகிற இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பை மூடுகிற வளையம்) வழியாக மட்டுமே கேபிள் நுழைய வேண்டும். எர்த் வயர் அரை மீட்டருக்கு மேல் நீளாமல், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிகிற இடத்தில், நட்டு போல்ட்டு வைத்து இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பவர் கேபிள் ஒரு பக்கம் ஓடினால் சிக்னல் கேபிள் மறுபக்கம் ஓடட்டும்.

இப்போதைய கார்களில் கம்பெனி டச் ஸ்கிரீனைக் கழற்றினால் ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன் எல்லாம் வம்பாகும், அதை மாற்ற வேண்டாம். ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்கினால் ஸ்பீக்கர் லைனிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும், நல்ல மாடல்கள் சிக்னல் வந்ததும் தானே ஆன் ஆகும், ஆம்ப்பை ஆன் செய்கிற ரிமோட் வயர் தேட வேண்டியதில்லை.

கெயின் என்பது வால்யூம் கிடையாது

செட்டிலிருந்து வருகிற சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துகிற திருகுதான் கெயின். ஸ்பீக்கர் வயரை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். செட்டில் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாம் பூஜ்ஜியம், ஆம்ப்பில் ஃபில்ட்டர் ஆஃப், கெயின் அடிமட்டம். 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓட்டி வால்யூமை முக்கால் அளவுக்கு வையுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் தொட்டுக்கொண்டே கெயினைத் திருகுங்கள். எத்தனை வோல்ட் வர வேண்டும்? வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 60 பெருக்கல் 4 என்றால் 240, வர்க்கமூலம் 15.5. மீட்டர் 15.5 காட்டியதும் நிறுத்துங்கள். மலிவு மீட்டர்கள் வீட்டுக் கரன்ட்டுக்காகச் செய்யப்பட்டவை, 50 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டும், ஆயிரம் ஹெர்ட்ஸில் பல மீட்டர்கள் தப்பாகக் காட்டும், அதனால்தான் 50.

ஸ்பீக்கரைத் திரும்ப இணைப்பதற்கு முன் கதவு சேனலின் ஹை பாஸ் ஃபில்ட்டரை (வைத்த எண்ணுக்கு மேலான ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆறரை இன்ச் கோனை அதற்குக் கீழே வேலை வாங்கினால் கோன் அதிகமாக ஆடிக் குரலையும் கலக்கிவிடும். சப் ஊஃபர் சேர்த்தால் அதன் லோ பாஸும் (இது கீழான ஒலியை மட்டும் விடும்) அதே 80-இல் தொடங்கட்டும். சின்னக் காருக்கு சீட்டுக்கு அடியில் வைக்கிற எட்டு இன்ச் சப்பே போதும், டிக்கியில் சாமான் வைக்க இடமும் மிஞ்சும். அது தன் ஆம்ப்போடேயே வருகிற வகையாக இருந்தால் பிரிட்ஜ் வேலையும் மிச்சம்.

செட்டிலோ ஆம்ப்பிலோ டைம் அலைன்மென்ட் (கிட்டே இருக்கிற ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி, இரண்டு பக்கச் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வர வைக்கிற வசதி) இருந்தால் ஒரு டேப் எடுத்து உங்கள் தலை வரும் இடத்திலிருந்து இரண்டு கதவு ஸ்பீக்கருக்கும் தூரத்தை அளங்கள். வலது கதவு 90 சென்டிமீட்டர், இடது கதவு 130 என்று வந்தால் வித்தியாசம் 40. ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும், ஆக வலது ஸ்பீக்கரை 1.2 மில்லி செகண்ட் தாமதப்படுத்துங்கள். அதுவரை வலது கதவில் ஒட்டிக்கொண்டிருந்த குரல் நகர்ந்து டேஷ்போர்டு நடுவில் வந்து நிற்கும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிக மகிழ்ச்சி தருகிற கணம் அதுதான்.

ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க உய்ய்ங் என்று சத்தம் ஏறினால் ஆல்டர்னேட்டர் இரைச்சல். முதலில் எர்த் போல்ட்டைச் சோதியுங்கள், அடுத்து சிக்னல் கேபிள் பவர் கேபிளோடு ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள், அடுத்து கெயின் தேவைக்கு மேல் இருக்கிறதா என்று. நாய்ஸ் ஃபில்ட்டர் வாங்குவது இந்த மூன்றும் பார்த்த பிறகுதான். சின்னக் காரில் பேட்டரி 35 ஆம்பியர் மணி அளவில்தான் இருக்கும், இன்ஜினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் ஆம்ப் ஓடினால் மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகாது.

ஒரு வாரம் ஓட்டியபின் ஃப்யூஸ் ஹோல்டர், பேட்டரி முனை, எர்த் போல்ட் மூன்றையும் ஒரு முறை இறுக்கிவிடுங்கள், நம் ரோட்டில் எல்லாம் தளரும். கழற்றிய பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போடாமல் ஸ்க்ரூவோடு பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள். கப்ளர் போட்டுத்தானே செய்திருக்கிறீர்கள், காரை விற்கும்போது அதையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, இந்த ஸ்பீக்கரையும் ஆம்ப்பையும் அடுத்த காருக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.